சரளைப் பாதையில் ஒரு சிக்னல்

இன்று காலை நானும் நண்பன் செந்திலும் அழகர்மலை அடிவாரத்துச் சரளைப் பாதையில் சைக்கிள் மிதித்தோம். மதுரையில் எந்தச் சிக்னலுக்கும் அவன் நின்று நான் பார்த்ததில்லை.

"மாப்ள, இந்தப் பக்கம் பஸ்ஸு கிடையாது, லாரி கிடையாது. மிதி!" என்று முன்னால் பறந்தான். டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம் மட்டும்தான் எங்களுக்குத் துணை.

ஒரு வளைவில் சடாரென்று பிரேக் பிடித்தான்.

நேற்றைய மழையில் ஊறிய பாதையை அடைத்துக்கொண்டு பட்டாம்பூச்சிகள். கருநீலச் சிறகுகள் மூடி மூடித் திறக்க, தரையே மூச்சு விடுவது போலிருந்தது.

"எம்புட்டு இருக்கு பாத்தியா!" என்றான், சன்னிதியில் பேசுகிற குரலில்.

"ஓரமா உருட்டிட்டுப் போயிரலாமா?" என்றேன்.

"சும்மா நில்லுடா. அதுக தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும்."

நின்றோம். வெயில் ஏறியது. திடீரென அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி, எங்கள் தோளை உரசிக்கொண்டு மலைப்பக்கம் போயின.

பிறகு ஊர் திரும்பினோம்.

மாட்டுத்தாவணி சிக்னலில் சிவப்பு. நான் நின்றேன். செந்தில் நிற்காமல் போய்விட்டான். பச்சை விழுந்ததும் விரட்டிப் பிடித்துக் கேட்டேன், "ஏன்டா நிக்கல?"

"இங்க என்ன, பட்டாம்பூச்சியா உக்காந்திருக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.