ஒப்புக்கொடுத்த வலி

கை முறிந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியோடு ஒரு பொய்யையும் கொண்டு வருவார்கள். "உனக்கு நல்ல மனத்தைரியம்" என்பதுதான் அது. எனக்குத் தைரியம் ஒன்றும் இருக்கவில்லை, வலிதான் இருந்தது. அதைத் தாங்கச் சொன்னவர்கள் மீது இன்றைக்கும் எனக்குக் கோபம் போகவில்லை.

தலைமன்னாரில் ஒரு கருவாட்டு வாடியில் எனக்கு வேலை. பாரை, சீலா எல்லாவற்றையும் கீறி, குடல் எடுத்து, உப்புப் போட்டுக் காயவைக்க வேண்டும். வலது கையில் பிடி இல்லாதவளுக்கு அங்கே வேலை இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில், மீன் கழுவிய சீமெந்துத் தரையில் வழுக்கி, அந்தக் கையையே ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எனக்கே அடையாளம் தெரியாதபடி வளைந்து நின்றது.

ஆசுபத்திரியில் கையை விறைக்கப்பண்ணி, எலும்பை இழுத்து நேராக்கி, ஆறு வாரத்துக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் தெளிவாகச் சொன்னார். கையை உயர்த்தி வைக்க வேண்டும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். வலி வரட்டும் என்று காத்திராமல் குளிசையை நேரத்துக்குப் போட வேண்டும். வலி கூடினாலோ விரல் மரத்தாலோ உடனே வர வேண்டும்.

என் புருஷன் கடலுக்குப் போகிறவர். அதனால் என்னைப் பார்க்க அவருடைய அக்கா, என் மச்சாள், வந்து நின்றா. சமைத்தா, குளிக்கவார்த்தா, தலை வாரி இழுத்துவிட்டா. அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் வந்த அன்றே குளிசைப் பையை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டா.

"ஆணி அடிக்கேக்கை எங்கட ஆண்டவர் குளிசை போட்டவரே? தபசு காலத்தில வந்த வலி. அவருக்கே ஒப்புக்குடு பிள்ளை."

"மச்சாள், அவருக்கு மூண்டு மணித்தியாலம். எனக்கு ஆறு கிழமை."

"வாயைக் கழுவு!"

பார்க்க வந்த பெண்களும் அவவோடு சேர்ந்துகொண்டார்கள். குளிசை ஈரலைத் தின்னும் என்றாள் ஒருத்தி. பிள்ளைப்பேற்றைத் தாங்கினவளுக்கு இது என்ன என்றாள் இன்னொருத்தி. கெஞ்சிக் கேட்டால் பாதிக் குளிசை கிடைக்கும். விரலை அசைத்தால் உயிர் போனது, அதனால் அசைக்கவில்லை. அசைக்காத விரல்கள் வீங்கின, வீங்க வீங்க வலி இன்னும் கூடியது. யாராவது கட்டிலில் வந்து இருந்தால் அந்த ஆட்டத்துக்கே பல்லைக் கடித்துக்கொள்வேன். அதைப் பார்த்துத்தான் தைரியம் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மச்சாள் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்தபோது என் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பெருவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். உணர்ச்சி இல்லை என்று அவவிடம் சொன்னேன்.

"மரத்தா நல்லதுதானே, நோகாது" என்றா.

நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி ஓட்டோவை மறித்தேன். அவவும் பின்னால் ஓடிவந்து ஏறிக்கொண்டா.

ஆசுபத்திரியில் பிளாஸ்டரை நீளத்துக்கு வெட்டிப் பிளந்தார்கள். உள்ளே அடைபட்டிருந்த சதைக்கு இடம் கிடைத்த அந்த நேரத்தில்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

"குளிசை போடேல்லையோ?" என்று டொக்டர் கேட்டார்.

"அவவிட்டக் கேளுங்கோ."

மச்சாள் முந்தானையைத் திருகினா. "நான் நேந்தனான் டொக்டர். மகனுக்குக் கனடா விசா கிடைக்கோணுமெண்டு."

"என்னத்தை நேந்தனீங்கள்?"

"இவவின்ர வலியை."

பக்கத்தில் நின்ற நேர்ஸ் பிள்ளை மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. டொக்டர் சிரிக்கவில்லை. நான் பல்லைக் கடித்ததெல்லாம் ஒருவனுடைய பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதற்காம். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

டொக்டர் என்னிடம்தான் பேசினார். "எலும்பு பொருந்தும் அம்மா. விரல் இறுகினாத்தான் கரைச்சல். நோ இருந்தா நீங்கள் விரலை மடக்கமாட்டீங்கள். அதுக்குத்தான் குளிசை. சொகுசுக்கில்லை."

அன்றிலிருந்து குளிசைப் பை என் தலையணைக்குக் கீழே இருந்தது. போட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை பொறுத்து, பிறகு விரல்களை மடக்கினேன். வலி முழுக்கப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மடக்குகிற அளவுக்குக் குறையும், அவ்வளவுதான். பிளாஸ்டர் கழற்றிய பிறகு இளஞ்சுடுதண்ணீரில் கையை வைத்து ஈரத்துணியைப் பிழிந்தேன். பிழிகிற ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டவருக்குக் கேட்கும்படி மச்சாளைத் திட்டினேன்.

எலும்பு பொருந்திவிட்டது. பெருவிரல் நுனியில் உணர்ச்சி பாதிதான் திரும்பியது. சின்னப் பாரையைக் கீறுவேன். பெரிய சீலாவுக்குக் கத்தியை இறுக்கினால் பிடி நழுவுகிறது. வாடியில் இப்போது என்னை உப்புத் தடவ விட்டிருக்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது.

போன மாதம் மச்சாள் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தா. முகமெல்லாம் சிரிப்பு. மகனுக்கு விசா கிடைத்துவிட்டது.

"உன்ர வலிதான் பிள்ளை. வீண் போகேல்லை."

தட்டை நீட்டினா. இடது கையைக் கொடுத்திருக்கலாம். நான் வேண்டுமென்றே வலது கையைக் கொடுத்தேன். பித்தளைத் தட்டு, பாரம். அவ கையை எடுத்ததும் அது சரிந்தது. முறுக்கும் பயத்தம் உருண்டையும் தரையெல்லாம் உருண்டன.

"பாத்தீங்களோ மச்சாள்?" என்றேன். "இந்தக் கையின்ர பிடியையும் சேத்துத்தான் ஒப்புக்குடுத்திருக்கிறீங்கள்."

அவ குனிந்து பொறுக்கத் தொடங்கினா. நான் குனியவில்லை.