ரம்லத்தக்கா தராத இஞ்சிச்சாறு

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் ரம்லத்தக்காவின் தள்ளுவண்டியில் நிற்காமல் எந்த ஜீப்பும் எஸ்டேட்டுக்கு ஏறாது. மலை வளைவுகளில் குமட்டாமல் இருக்க இஞ்சி மரப்பா வாங்குவார்கள். எலுமிச்சைச் சோற்றுக்கு இஞ்சித் தொக்கு. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் நான் சொல்கிறேன், அந்தத் தொக்குக்கு ஈடு இந்தப் பக்கத்தில் கிடையாது. வேண்டுமென்றால் பந்தயம் கட்டுங்கள்.

வயிறு மந்தமென்றால் இஞ்சிச்சாறு. தோல் சீவி, இடித்துப் பிழிந்து, அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்துத் தேன் கலந்து தருவார்.

போன மார்கழியில் ஒரு காலை, ஜீப் டிரைவர் சங்கிலி நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தான். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் அவன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, வாயு புடிச்சிருச்சு. ஒரு கிளாஸ் சாறு குடு. ஏப்பம் வந்தா சரியாப் போகும்."

டம்ளரை எடுத்தவர் அவன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பனியிலும் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"கை வலிக்குதா?"

"இடது கை கொஞ்சம். தாடை வரைக்கும் இழுக்குது. அத விடு, லேட்டாகுது."

டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ஒனக்குச் சாறு கெடையாது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"ஊருக்கே குடுக்குற, எனக்கு மட்டும் என்ன கேடு?" என்று சங்கிலி கத்தினான். நானும் சும்மா இருக்காமல், "ஒரு மடக்கு குடுங்கக்கா" என்றேன்.

"ஏலே, நீ டயரப் பாரு!" என்று ஒரே அதட்டு. நேரே போய் ஜீப் சாவியை உருவிக்கொண்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு, அவனை ஆட்டோவில் திணித்து, கூடவே ஏறிப் போனார்.

மாரடைப்பேதான். மலைக்குப் போயிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்றாராம் டாக்டர். ஜீப்பில் அத்தனை பேர் இருந்தார்களே!

சங்கிலி பிழைத்து வீடு திரும்புவதற்குள் கதை மாறிவிட்டது. ரம்லத் கொடுத்த சாறு மாரடைப்பையே நிறுத்திவிட்டதாம்! உத்தமபாளையத்திலிருந்தெல்லாம் பாட்டிலோடு வந்தார்கள். வேறு யாராவதென்றால் போர்டு எழுதி மாட்டியிருப்பார்கள். ஒருநாள் கூட்டத்தில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அக்காவுக்கு வந்ததே கோபம்!

"யா அல்லா! செமிக்கலையா, தாறேன். குமட்டுதா, தாறேன். நெஞ்சு வலிக்குதுன்னா இங்கன நிக்காதீக! சாறு குடுத்தா சங்கிலி பொழச்சான்? குடுக்காம வெரட்டுனேன், அதான் பொழச்சான்!"

இந்தத் தடவை டயரை அப்படியே போட்டுவிட்டுப் பெரியவருக்கு ஆட்டோ கூப்பிட ஓடினேன்.