சிவப்பான திரை

பிற்பகல் மூன்று இருபதுக்குச் செய்தி வந்தது. பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுச்சென்ற குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள் துஷாந்தினி. வந்தது கணவன் நல்லையாவின் நம்பர். பேசியது வேறு யாரோ. பண்டாரவளை பஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த ஆள் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான். மடியிலிருந்த குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று அவள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லையா போன் திருத்துகிறவர். ஹாலிஎலயில் ஸமீமின் கடை மூலையில் ஒரு மேசை. பதினோரு வருடமாக அதுதான் அவருடைய இடம். பள்ளியில் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரை. மிச்சத்தைப் பழுதான போன்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டார். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்கத் தோட்டத்துப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் செயலிகளில் கை வைத்தார். கொழுந்துச் சாறும் ஈரமும் ஏறிய விரலுக்குப் போன் திரை சரியாக மசியாது. அதனால் செய்திச் செயலியை மாற்றியமைத்தார். ஒரே ஒரு பெரிய பொத்தான். எப்படித் தட்டினாலும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசும்.

அதில் ஒரு தொல்லை. மாற்றிய செயலியில் அதை உருவாக்கிய கம்பனியின் முத்திரை இராது. போனிலிருக்கும் வைரஸ் தடுப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது எப்போதாவது அதைத் திருடன் என்று எண்ணி, திரை முழுக்கச் சிவப்பாக்கி, ஆபத்து, நீக்கிவிடு என்று அலறும். அது பொய் எச்சரிக்கை. ஆனால் எல்லா எச்சரிக்கையும் பொய்யல்லவே. அதனால் சிவந்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்று நல்லையா எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடமாட்டார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கி, இந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் பொருட்படுத்தாதீர்கள், வேறு எதற்குச் சிவந்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று காட்டிக்கொடுப்பார். துஷாந்தினியின் போன் அதுவரை சிவந்ததில்லை.

அவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்தப் பொத்தான்தான். வேலை முடிந்து வந்ததும் தட்டுவாள்; அவர் முன்பு அனுப்பியவை பேசும்.

"பஸ் ஏறிட்டேன் துஷா. தண்ணிய அடுப்புல வையி."

அடுத்த நாள் செய்தியிலும் அதே வார்த்தை. மழை நாளென்றால், குடையைக் கடையில் விட்டுவிட்டேன் என்று ஒன்று கூடும். கேட்டுக்கொண்டே ஒற்றை ஆளுக்கு உலை வைப்பாள்.

ஐப்பசி மழை பிடித்தது. மண்சரிவு வரலாம் என்று அதிகாரிகள் லயத்துக்கு வந்து, போனில் வரும் எச்சரிக்கை மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் யோசிக்காமல் வெளியேறுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஒரு விடிகாலை, கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருக்கும்போது போன் சிவந்தது. ஆங்கில எழுத்துகளைப் படிக்க அவள் நிற்கவில்லை. கீழே தெரிந்ததை அழுத்திவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் கூட வேண்டிய கோயில் மேட்டுக்கு ஓடினாள். வேறு யாரும் வரவில்லை. வேலைக்குப் புறப்பட்டு வந்த அதே லயத்துப் பாக்கியலெட்சுமிதான் அவளைப் பார்த்து, என்னடி தனியா குந்தியிருக்கே, சாமிகூட ஏதும் சண்டையா என்று கேட்டாள். அப்போதுதான் துஷாந்தினி போனைத் திறந்தாள். பொத்தானைக் காணவில்லை.

ஹாலிஎல கடையில் ஸமீம் அந்தப் போனோடு நண்பகல் வரை மல்லுக்கட்டினார்.

"அது பொய் அலாரம் தங்கச்சி. ஏன் அமத்தினீங்க?"

"ஸமீம் நானா, சிவப்புன்னா யோசிக்கக் கூடாதுன்னுதானே சொல்லி வச்சிருக்காங்க."

அவர் போனைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லா இடத்திலயும் தேடிப் பாத்துட்டேன். செயலியோட சேந்து அவர் குரலும் போயிருக்கு."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து நல்லையா குறிப்பெழுதி வைக்கும் கொப்பியை எடுத்து அவளிடம் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் பிரித்துப் பார்த்தாள். பொய் எச்சரிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டியவர்களின் பெயர்கள்; சொல்லிவிட்டதற்கு அடையாளமாக ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சரி. பாக்கியலெட்சுமிக்கு மட்டும் இரண்டு. அவளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டும். கடைசி வரியில் 'துஷா, ஞாயிற்றுக்கிழமை' என்று இருந்தது. அவர் இறந்தது வெள்ளிக்கிழமை. அந்த வரிக்கு நேரே ஒன்றும் போட்டிருக்கவில்லை.