பாதி திறக்கும் ஜன்னல்

தையல்காரியின் கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்றே பேர். யார் முகமும் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. தோளளவு சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவாள். தனிக்கட்டை. வீட்டின் பின்பகுதியில் எட்டு வருடமாக நர்ஸும் மகளும் வாடகைக்கு இருந்தார்கள்.

"பொண்ணு வளந்துட்டாக்கா. ரெண்டு ரூம் உள்ள வீடா பாக்கணும்," என்றாள் நர்ஸ் ஒருநாள்.

டேப்பக்கா மிஷினை நிறுத்தினாள். சுவருக்கு அப்பால் அவர்கள் இருவரும் சிரிக்கும் சத்தத்தில்தான் அவள் மிஷினே ஓடும்.

பின்பகுதியை ஒட்டி, தான் துணிமூட்டை போட்டிருந்த அறையைக் கொடுத்துவிடலாம். ஆனால் வாடகை வீட்டில் ஓர் அறையைப் படுக்கையறை என்று பதிய, நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல் வேண்டுமாம். அவளே அளந்து, கொத்தனாரை விட்டுச் சுவரை உடைத்து, கண்ணாடி பக்கவாட்டில் நகரும் தள்ளு ஜன்னல் வைத்தாள். அது முடிவதற்குள்ளேயே, ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அந்த அறை கண்ணில் மிதந்தது. வெளிச்சம் தண்ணீர்போலத் தரையில் பரவிக் கிடக்கும். அதில் கால் நீட்டி அந்தப் பெண் படித்துக்கொண்டிருப்பாள்.

வாடகை வீடுகளைச் சோதிக்கும் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தார். கூரை உயரம் சரி, புகை வந்தால் அடிக்கும் மணி சரி. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினார்.

"பாதிதாம்மா திறக்குது. நீங்க முழுசையும் அளந்திருக்கீங்க. திறக்கிற இடம்தான் கணக்கு."

"நான் ஒல்லிதான் சார். பூந்து காட்டட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"உங்களக் காப்பாத்த வர்ற ஃபயர் சர்வீஸ்காரரு முதுகுல காத்து சிலிண்டரோட வருவாரும்மா. அவரும் ஒல்லியா?"

டேப்பக்கா கூசிப்போய் நின்றாள். சட்டைக் கழுத்தென்றால் தலை நுழையும் இடத்தைத்தானே அளப்பாள்? துணியையா அளப்பாள்?

"விடுங்கக்கா, வேற வீடு பாத்துக்கிறோம்."

"நீ சும்மா இருடி!" அவள் அதட்டி அதுவரை யாரும் கேட்டதில்லை. "சார், கதவு மாதிரி முழுசா திறக்கிற ஜன்னல் வெச்சா?"

"தாராளமா. இதே ஓட்டை போதும்."

பத்து நாளில் தச்சர் மாற்றிக்கொடுத்தார். மறுபடி வந்த இன்ஸ்பெக்டர் அளந்து கையெழுத்துப் போட்டார். மூட்டைகள் கூடத்துக்கு இடம் மாறின.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெண், வாசல் பக்கமே போகாமல், ஜன்னலில் ஏறி அறைக்குள் குதித்தாள்.

"அது வெளிய போறதுக்குடி, கழுதை!" என்றாள் நர்ஸ்.

"உள்ள வரக்கூடாதுன்னு சட்டத்துல இல்லையே," என்று முணுமுணுத்தாள் டேப்பக்கா.