மிஸ் சொன்னா கேப்பா

சுனாமி வந்துபோன மறு வருஷம் என் மகள் ஏழாவது படித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பி.டி. டீச்சர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். உயரம், ஒல்லி, கழுத்தில் எப்போதும் விசில். அவர் கத்தினால் மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறவர்கள் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்தான் என் மகளைப் பார்த்து, "காலு நல்லா நீளமா இருக்கு, ஹர்டில்ஸ்க்கு வா" என்று கூப்பிட்டவர்.

நாங்கள் தேவனாம்பட்டினத்தில் இருந்தோம். வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போட்டில் போய்விடுவார். நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பெண். அவளைக் காலையில் எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். முட்டை வாசனையே ஆகாது என்பாள். கெஞ்சியிருக்கிறேன், அடித்திருக்கிறேன், ஒரு வாய் தின்றதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வந்தவள், "முட்டை சாப்பிடாதவ கிரவுண்டு பக்கம் வராதன்னு மிஸ் சொல்லிட்டாங்க" என்றாள். மறுநாள் நாலரை மணிக்குத் தானே எழுந்து, தானே ரெண்டு முட்டை அவித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவளுக்குச் சந்தோஷம்தானே வரவேண்டும்? எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் மிஸ்தான். செருப்பை வரிசையாக விடுவதும் மிஸ், பொரித்த மீன் வேண்டாம் என்பதும் மிஸ். "மிஸ்ஸு திட்டுனா திட்டட்டும், நான் திட்டுனா மட்டும் மூஞ்சத் தூக்கிக்கிறியே" என்று ஒரு முறை கேட்டேன். "அவுங்க திட்டுறது வேறம்மா" என்றாள்.

ஒன்பதாவது படிக்கும்போது அவள் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்துப் பின்னிவிடுவேன். வாரத்தில் அவள் எனக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை கழுத்தளவு முடியோடு வந்து வாசலில் நின்றாள். "ஓடும்போது தொந்தரவா இருக்குன்னு மிஸ்தான் பார்லருக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் பார்க்க, வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். "எம் பொண்ணு முடியில கை வைக்க நீங்க யாரு?" என்றும் கேட்டேன். அவர் நான் முடிக்கும்வரை நின்றார்.

"நீங்க சரின்னு சொன்னதா சொன்னாம்மா. அதனாலதான் கூட்டிட்டுப் போனேன்." மகளைக் கூப்பிட்டார். "அம்மாகிட்ட கேட்டியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு மாசம் கிரவுண்டுக்கு வராத."

வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதாள். என்னை ஏமாற்றியதற்கு அழுகிறாள் என்று நினைத்து, கோபம் ஆறி, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். "மிஸ் போறப்ப என்னைத் திரும்பிப் பாக்கவே இல்லம்மா" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பத்தாவது நாள் பொறுக்க முடியாமல் நானே போய் நின்றேன். "ஏதோ கோவத்துல பேசிட்டேன். அவளச் சேத்துக்குங்க மிஸ்." அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு மாசம் என்றால் ஒரு மாசம்தான் என்றார். அதை வந்து சொன்னேன். "மிஸ் சொன்னா சொன்னதுதாம்மா" என்று மகள் பெருமையாகச் சொன்னாள்.

பதினொன்றாவது படிக்கும்போது சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. பஸ் ஏறி நானும் போனேன். முதலில் ஓடிக்கொண்டிருந்தவள் ஏழாவது ஹர்டிலில் கால் தட்டி விழுந்தாள். எழுந்து, கடைசியாக வந்து முடித்தாள். முட்டியிலிருந்து ரத்தம். நான் தண்ணீர் பாட்டிலோடு கேலரியிலிருந்து இறங்கி ஓடினேன். அவள் என்னைத் தாண்டி மிஸ்ஸிடம் போய் நின்றாள்.

"விழுந்தது தப்பில்ல. எழுந்திரிக்கும்போது பின்னாடி யாரு வர்றான்னு பாத்த பாரு, அதுதான் தப்பு."

மகள் தலையாட்டினாள். நானாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். அது அவளுக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை. மிஸ் என் பக்கம் திரும்பி, "தண்ணி குடுங்கம்மா" என்றார். என் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கவும் இவர் சொல்லவேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

ப்ளஸ் டூ முடித்து, சிதம்பரத்திலேயே காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். மறு வருஷம், 2012இல், காலேஜ் டீமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். "மொதல்ல மிஸ்கிட்ட சொல்லிட்டேன்மா. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றாள்.

லீவுக்கு வந்தபோது மிஸ் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மஞ்சக்குப்பத்தில் சின்ன வாடகை வீடு. மிஸ் நைட்டியில், முட்டி வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து வந்து கதவைத் திறந்தார். "வெயிட் போட்டிருக்க" என்பதுதான் முதல் வார்த்தை. மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் டீ போட ஆரம்பித்தாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல், "நீங்க சொன்னா மட்டும் எப்பிடி கேக்குறா மிஸ்?" என்றேன்.

"எம் பொண்ணு நான் சொல்லி ஒண்ணும் கேட்டதில்லம்மா" என்றார். அவருக்கு மகள் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "சென்னையில இருக்கா. நான் போன் பண்ணாதான் பேசுவா. எப்பவும் கிரவுண்டுலயே கெடந்தேன்னு கோவம்." முட்டிப் பட்டையைச் சரிசெய்துகொண்டே, "இவ உங்ககிட்ட தினம் பேசுவாளா?" என்று கேட்டார்.

"தினமும் பேசுவா மிஸ். எங்கிட்ட பேசாம அவளுக்குத் தூக்கம் வராது."

அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்து எரிச்சல் ஒரு நிமிஷம் குளிர்ந்ததுபோல இருந்தது. அப்புறம்தான் டீ டம்ளர்களோடு மகள் கதவோரம் நிற்பதைக் கவனித்தேன். அவள் மிஸ்ஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தாள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது, "ஏம்மா அப்பிடி சொன்ன?" என்றாள்.

"சும்மாதான்."

மிஸ் நல்ல பொம்பளை, வலியோடு உட்கார்ந்திருந்தாள், அவளிடம் போய் அப்படிச் சொன்னோமே என்று வீடு வந்து சேர்வதற்குள் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பொய்யைத் திருத்த நான் போகவில்லை.