ஹெஸ்டர் ரோஸ்வார்னின் இரண்டாவது நாவல்

கார்ன்வால் கரையில் எங்களுடையது சின்ன மீன்பிடி ஊர். ஹெஸ்டர் இங்கே பள்ளி ஆசிரியர் ஜேபஸ் ரோஸ்வார்னின் மனைவி. ஜெர்மானியரோடு போர் மூளுவதற்குச் சற்று முன்பு அவளுடைய முதல் நாவல் லண்டனில் அச்சானது. ஒரு பெண் கண்விழித்ததிலிருந்து விளக்கை அணைக்கும்வரை அவள் மனத்தில் ஓடுவதுதான் மொத்தக் கதையும். படித்தவர்கள் குறைவு, பேசாதவர்கள் இல்லை.

“கொலை இல்ல, கல்யாணம் இல்ல, என்னடி கதை இது?” என்றாள் மீன் விற்கும் மோர்வெனா. “புருஷன் எதிர்ல உக்காந்திருக்கும்போது ஒருத்தி இப்படியெல்லாமா நினைப்பா?”

தேவாலயத்தில் ஹெஸ்டருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பள்ளி நிர்வாகிகள் ஜேபஸைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

“இனி எழுதினா இந்த வீட்ல இருக்காத” என்று ஹெஸ்டரிடம் சொன்னார் அவர்.

அவள் ஒரு பெட்டியோடு என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டாள். நான் வலை பின்னிப் பிழைக்கும் விதவை. ஊர்ப்பேச்சு எனக்குப் பழகிப்போனது.

பகலில் சலவைக்கூடத்தில் வேலை, விடியற்காலையில் எழுத்து. வருடங்கள் போகப் போக இருமல் முற்றியது. பேனா பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. அவளைக் கேட்காமலே ஜேபஸிடம் போனேன்.

“வாத்தியாரே, பொண்டாட்டி உயிரோட இருக்கும்போதே வந்து பாருங்க.”

வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவள் கட்டிலருகே போனார்.

“திட்டினப்போ உன் புத்தகத்த நான் படிச்சிருக்கவே இல்ல ஹெஸ்டர். நீ போனப்புறம்தான் படிச்சேன். தினம் காலைல சாப்பாட்டு மேசைல அவிச்ச முட்டைய உடைச்சுக்கிட்டு நான் பாட்டுக்குப் பேசிட்டிருந்திருக்கேன். எதிர்ல நீ இவ்வளவு நினைச்சிருக்கியே.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் வந்துவிடுவார். அவள் சொல்லச் சொல்ல இரண்டாவது நாவலை எழுதினார். கீழே எனக்குச் சண்டை கேட்கும்.

“இங்க ஒரு முற்றுப்புள்ளி வைக்கணும்.”

“அவ நினைப்பு நிக்கலையே, நீங்க எப்படி நிறுத்துவீங்க?”

அவள் சிரிக்கும் சத்தமும், கூடவே இருமலும் வரும்.

மார்ச் மாதம் ஹெஸ்டர் இறந்தாள். கடைசி அத்தியாயம் பாதியில் நின்றது. மிச்சத்தை ஜேபஸே எழுதித் தந்தால் அச்சிடுவதாகப் பதிப்பாளர் சொன்னார்.

“அவ முடிக்காதத முடிக்க நான் யாரு?” என்று கையெழுத்துத் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார் ஜேபஸ். வேறொரு சிறு அச்சகம் அதை அப்படியே வெளியிட்டது.

எனக்கும் ஒரு பிரதி தந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். பல பக்கங்கள் பிடிபடவில்லை. வலை பின்னும்போது எனக்குள் ஓடுவதையே அவள் எழுதியதுபோல் இருக்கும் சில இடங்களில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.