ரஷ்யாவின் கரிசல்

எட்டாம் வகுப்பில் எனக்கு ரஷ்யா தலைகீழ்ப் பாடம். வடக்கே பனி உறைந்த தூந்திரா, அதற்குத் தெற்கே ஊசியிலைக் காடு, அதற்கும் தெற்கே கறுப்பு மண் புல்வெளி என்று வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். கோவில்பட்டியைத் தாண்டியறியாத பிள்ளைக்கு அதில் திமிர் வேறு.

அந்த ஐப்பசியில் அப்பா பேச்சைக் குறைத்திருந்தார். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் பருத்தியை விதைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தூறலுக்கு ஏமாறாமல், நல்ல மழைக்கு மட்டும் முளைக்கும்படி ஆழமாகப் போட வேண்டும். அப்பா அவசரத்தில் மேலாகப் போட்டுவிட்டார். ஒரு தூறல் விழுந்தது, முளைத்தது. பிறகு பதினைந்து நாள் வெயில். எல்லாம் கருகியது. இரண்டாம் முறை ஆழமாக விதைத்ததற்கு மழையே வரவில்லை. எறும்பு தின்றது போக மிச்சம் மண்ணிலேயே கெட்டது. மூன்றாம் முறைக்கு வீட்டில் விதை இல்லை. அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள். கேட்டால் புகை என்பாள்.

ஒரு சாயங்காலம் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, அங்கனயும் கரிசலா?"

"ஆமாப்பா. நம்மளதைவிடக் கறுப்பு. கோதுமை அப்படி வெளையுமாம்."

"மழை?"

"கொஞ்சந்தான். ஆனா குளிர்காலம் பூரா பனி தரையில கெடக்கும். வெயில் வந்ததும் உருகி மண்ணுக்குள்ள எறங்கிரும்."

அப்பா புத்தகத்துப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். மழைக்கு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்காமல் பயிர் செய்யும் சம்சாரிகளும் உலகத்தில் உண்டு என்பதை அவரால் நம்ப முடியவில்லை போல.

"அங்கன நம்மள மாதிரி ஆளுக்கு வேல குடுப்பாவளா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க போனா வெறச்சுப் போயிருவிய!" என்று சொல்லி, பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி என்பதையும் வாத்தியார் தோரணையில் விளக்கினேன். அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அதுவுஞ் சரிதான்" என்று அப்பா எழுந்துபோய்க் கலப்பையைத் துடைத்து மூலையில் சாத்தினார். நான் பாடத்தில் சைபீரியாவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார், தீப்பெட்டி ஆபீஸில் தங்கி வேலை பார்க்க. அதன் பிறகு எங்கள் புஞ்சையில் அவர் கால் வைக்கவில்லை.

ஊரைவிட்டுப் போகத் துணிந்த மனிதர், போகாதீங்கப்பா என்று வீட்டில் ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் குளிரைப் பற்றிச் சொன்னேன்.